சோத்தாங்கைப் பக்க முந்தி

என் அன்பான மதினிக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். வீட்டுக்காரரின் அக்காவை வேறு எப்படிக் கூப்பிடுவது? இப்போது பேனாவை எடுத்ததும் ‘நீ’ என்றே வருகிறது. அடித்துவிட்டு மாற்றி எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சாமியை யார் ‘நீங்க’ என்று கூப்பிடுகிறார்கள்? கோவித்துக்கொள்ளாதே.

உனக்கு எழுத்துத் தெரியாது. நீ இருந்தபோது இப்படி ஒன்று எழுதியிருந்தாலும் நான்தான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். பாதியிலேயே, “போதும் புள்ள, விசயத்தச் சொல்லு” என்றிருப்பாய். சரி, விசயத்தைச் சொல்கிறேன். என் மகன் காசிக்குக் கல்யாணம். தை பிறந்ததும் முகூர்த்தம். உன் விரலைப் பிடித்து நடை பழகிய பயல் மணவறையில் உட்காரப் போகிறான், பார்க்க நீ இல்லை. பொண்ணு மதுரை டவுன். சரசு என்று பெயர். அவள் அப்பாவும் நம் காசியும் ஒரே மில்லில் வேலை.

அந்தப் பெண்ணுக்காக உன் பேரில் ஒரு பொய் சொல்லிவிட்டேன் மதினி. ஊர் வாயிலிருந்து நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் இந்தப் பொய் உன் பொய்யிலிருந்து முளைத்தது. அதனால் அங்கேயிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சின்ன வயசில் நான் சோளத்தட்டை ஏற்றிய வண்டியின் உச்சியிலிருந்து விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவர் எப்படிப் போட்டாரோ, வலத்தோள் இறங்கி, முன்பக்கம் குழி விழுந்து அப்படியே நின்றுவிட்டது. வேலைக்கு ஒரு குறையும் இல்லை. குடம் தூக்குவேன், களை எடுப்பேன், உலக்கை போடுவேன். பார்க்கத்தான் கோணல். அப்போது எங்கள் பக்கத்தில் ரவிக்கை ஏது? சேலை ஒன்றுதான். முந்தி இடத்தோளில் போகும், வலத்தோள் வெட்டவெளியாகக் கிடக்கும். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் முந்தியைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, அப்படியே காட்டி அனுப்பிவிட்டாள்.

மணவறையில் அப்படிப் போர்த்திக்கொண்டு உட்கார முடியாது. போர்த்துவது துக்க வீட்டுக் கோலம். என்ன செய்வதென்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கல்யாணத்தன்று காலையில் கூறைச்சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு நீ உள்ளறைக்கு வந்தாய். செங்கல் நிறம், பெரிய கட்டம், அகலக் கரை. “பொண்ணு நல்ல நெட்டை, ஒல்லி. பெரிய கட்டம் போட்டாத்தேன் உடம்பு நெறஞ்சு தெரியும்” என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு எடுத்தாயாம்.

“நான் கட்டிவிடுறேன் தாயி, நீங்க போயி மோர் குடிங்க” என்றாள் அம்மா.

“நல்லாருக்கே! கூறைச்சேலை கட்டிவிடுறது நாத்தனா மொறை. அத விட்டுக்குடுக்கவா அம்புட்டுத் தூரம் வண்டி கட்டி வந்தேன்?” என்று சொல்லிக்கொண்டே என் பழைய சேலையின் முந்தியை உருவினாய். பார்த்தாய். சிரிப்பு நின்றது. என் தோளில் கை வைத்து அந்தக் குழியைத் தடவினாய். கொண்டுவந்த கூறைச்சேலையை மறுபடியும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய்.

கூறைச்சேலை திரும்பிப் போனால் கல்யாணம் போச்சு. அம்மா சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தாள். வெளியே மேளக்காரர் வாசித்துக்கொண்டேதான் இருந்தார். அழமாட்டேன், அழமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன் மதினி. உடம்பைக் குறுக்கிக்கொண்டு, இந்தப் பாழாய்ப்போன தோள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

நீ நேரே உன் தம்பியிடம் போய்க் காதில் கேட்டிருக்கிறாய். “பொண்ணுக்குச் சோத்தாங்கைத் தோள் எறக்கம்டா. மறச்சுப்புட்டாக. ஒனக்குச் சம்மதமா, இல்லையா? இப்பவே சொல்லிரு.” அவர் மாலையை ஒதுக்கிக்கொண்டு, “தாலியக் கழுத்துலதான கட்டப் போறேன்? தோள்லயா கட்டப் போறேன்? போக்கா அங்கிட்டு” என்றாராம். இதை நீ சொல்லிச் சொல்லிச் சிரித்ததெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு நீ திரும்பி வந்து நின்றபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

“என்னாத்துக்கு அழுகுறீங்க? எந்திரிங்க, நேரமாச்சு” என்றாய் அம்மாவிடம். சேலையை உதறினாய். முந்தியை நாலாக மடித்து, ஊரில் யாரும் கட்டாத விதமாக என் வலத்தோளில் போட்டாய். கஞ்சி முடமுடப்புப் போகாத புதுத்துணி, குழியை நிரப்பிக்கொண்டு எழும்பி நின்றது. நீ பின்னால் தள்ளிப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய். “இந்தப் பாழாப்போன கட்டம்தேன் கோணலக் காட்டிக்குடுக்குது. தெரிஞ்சிருந்தா கட்டமே இல்லாம எடுத்திருப்பேன்” என்று முணுமுணுத்துக்கொண்டு அவிழ்த்தாய், இன்னொரு மடிப்பு வைத்தாய், கோடுகள் தெரியாமல் கொசுவத்தை மேலே இழுத்துச் சொருகினாய். மறுபடியும் தள்ளிப் போய் நின்று பார்த்தாய். “ம், இப்பப் பாரு. ரெண்டு தோளும் ஒரே மட்டம். மகராணி கணக்கா இருக்க.”

பிறந்ததிலிருந்து அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பந்தலுக்குள் கூட்டிப் போனதும் உன் பெரியாத்தா கண்டுபிடித்துவிட்டாள். அவள் கண்ணுக்குத் தப்பியது எது? “ஏண்டி ஒச்சம்மா, என்னாடி இது, முந்தி சோத்தாங்கைப் பக்கம் போகுது?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். நீ கண்ணைக்கூட இமைக்கவில்லை. “தம்பிக்கு அம்மை போட்டு இழுத்துக்கிட்டு கெடந்தான்ல பெரியாத்தா, அப்ப கொலசாமிக்கு நேந்துக்கிட்டேன். அவன் பொழச்சு வந்தா, இந்த வீட்டுக்கு வார மருமகளுக்கெல்லாம் முந்தி சோத்தாங்கைப் பக்கம்தேன்னு.” உன் தம்பியின் முகத்தில் அம்மைத் தழும்பு சாட்சியாக இருந்தது. சாமி காரியம் என்றதும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. “ஆத்தா, அவசரத்துக்கு ஒம் பேரச் சொல்லிப்புட்டேன். நல்லதுக்குத்தேன் சொன்னேன். வச்சுக்க” என்று தேங்காயை உடைத்தாய். வெள்ளை வெளேரென்று உடைந்தது. “பாத்தியா, ஆத்தா ஒத்துக்கிட்டா” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். சாமிக்கு முன்னால் கண்ணடித்த பொம்பளை இந்தச் சீமையிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு முடியும் என்றுதானே இரண்டு பேரும் நினைத்தோம்? முடியவில்லை. என் கொழுந்தன் பெண்டாட்டி வந்தாள், அவளுக்கும் முந்தி வலப்பக்கம். பங்காளி வீடுகளுக்கு வந்த மருமகள்களுக்கும் அப்படியே. கல்யாணத்தன்று கட்டியது பிறகு தினக்கட்டும் ஆகிவிட்டது. குழம்பைக் கிண்டினால் முந்தி குழம்பில் விழும், மாடு கறந்தால் பாலில் விழும். “எந்தப் புண்ணியவதி நேந்தாளோ!” என்று அவர்கள் சலித்துக்கொள்ளும்போது நானும் நீயும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாத பாடு படுவோம். உசிலம்பட்டிச் சந்தையில் எங்களைத் தூரத்தில் பார்த்தே இன்ன வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நான் ஒருத்தி. என் தோளைத் தனியாக யாரும் பார்க்கவில்லை. இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன செய்துவிட முடியும்?

போன வருசம் நீ பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாய். பிறந்த வீட்டுக் கோடிச்சேலை எடுக்கத் தம்பி பெண்டாட்டி என்று நான்தான் போனேன். கடைக்காரர் பழக்கதோசத்தில், “யாருக்கும்மா? ஆளு எப்படி, நெட்டையா குட்டையா?” என்று கேட்டுவிட்டார். காய்ச்சலில் கிடந்து கிடந்து நீ பிள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தாய். பொடிக் கட்டமாகக் கொடுங்கள் என்றேன். பச்சையில் பொடிக் கட்டம். அதை உன்மேல் போர்த்தியபோது, தள்ளிப் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உனக்கு எடுப்பாக இருந்ததா மதினி?

இனி இந்தக் கல்யாணக் கதை. கூறைச்சேலை எடுக்க உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். நாகமலை வந்ததுமே, “டவுன் வந்திருச்சா?” என்று கேட்க ஆரம்பித்த உன் பெரியாத்தா இறங்கும்வரை நிறுத்தவில்லை. அவளுக்கு வயசு என்னவென்று அவளுக்கே தெரியாது, ஆனாலும் சேலை எடுக்க நானும் வாரேன் என்று கிளம்பிவிட்டாள். உலகச் சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள், துணிக்கு இன்னும் கண்ட்ரோல்தான், அளந்துதான் கொடுக்கிறார்கள். மாசி வீதிப் பக்கம் ஒரு சௌராஷ்டிரக்காரர் கடையில் நல்லதாக இருக்கிறது என்று காசி சொல்லியிருந்தான். அவர்கள் தங்களுக்குள் தங்கள் பாசையில் பேசிக்கொண்டே எங்களிடம் தமிழில் சேலையை விரித்தார்கள். சரசுவின் அம்மாவும் வந்திருந்தாள்.

சரசு குட்டை, பூசினாற்போல உடம்பு. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். பெரியாத்தா அகலக் கரையாகப் பார்த்து இழுத்தாள்.

“நாலு பேரு கண்ணுக்குத் தெரிய வேணாமாடி?”

“கரை அம்புட்டு அகலமா இருந்தா, புள்ள பாதி கரைக்குள்ளயே போயிரும் அயித்தை. ஒடுங்கின கரை, பொடிக் கட்டம், அழுத்தமான நெறம். அப்பத்தேன் ஆளு கொஞ்சம் ஒசந்து தெரியும்” என்றேன். கடைக்காரர், சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

சரசுவின் அம்மா நிறத்தையும் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. விரிக்கிற ஒவ்வொரு சேலையிலும் முந்தியைப் பிரித்துத் தன் இடத்தோளில் போட்டு, முழங்கைவரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன் மதினி. என் அம்மா கண்ணில் பார்த்திருக்கிறேன். துண்டு பார்ப்போம் வாங்க என்று சாக்குச் சொல்லி அவளைக் கடையின் பின்பக்கம் கூட்டிப் போனேன்.

“சின்னப்புள்ளையில வடிகஞ்சியக் கவுத்துக்கிட்டா சம்பந்தி” என்றாள். “பீச்சாங்கை தோள்லருந்து முழங்கை மட்டும் வெந்துபோச்சு. தோலு சுருங்கி, சதையும் வத்திப்போயிக் கெடக்கு. நாங்க மறைக்கல. பேச்சு எடுத்தன்னைக்கே மாப்பிள்ளைகிட்ட அவளே சொல்லிட்டா. அவரு சிரிச்சுக்கிட்டு, மில்லுல பட்ட தழும்பு எனக்குந்தேன் இருக்குன்னு கையக் காட்டிட்டாரு. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா உங்க வீட்டுல முந்தி சோத்தாங்கைப் பக்கமாமே? அப்ப இந்தக் கை பூராவும் பந்தல்ல தெரியுமே சம்பந்தி... ஊரே பாக்குமே...”

என் தோளை மூட நீ போட்ட முந்தி இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் கையைத் திறந்து காட்டப் போகிறது. இதை நீ நினைத்திருப்பாயா? எனக்கும் தோன்றவே இல்லையே. அரக்கு நிறத்தில் பொடிக் கட்டம், ஒடுங்கின கரை, நல்ல நீள முந்தி என்று ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

வீட்டில் முதலில் ரவிக்கைப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். டவுன் பிள்ளை, ரவிக்கையோடு மணவறையில் உட்காரட்டுமே என்றேன். “மத்த நாளு என்னத்தையும் போட்டுக்கிறட்டும். ஊசி பட்ட துணியோட தாலி வாங்குறது இந்த வீட்டுல ஆகாது” என்றாள் பெரியாத்தா. சரி, முந்தியையாவது மாற்றலாமா என்றேன். “அது ஒச்சம்மா நேந்தது. அவளும் போய்ச் சேந்துட்டா. இனி யாரு போயி ஆத்தாகிட்ட மாத்திக் கேக்குறது?” என்றாள்.

உன் தம்பியைப் பார்த்தேன். நீ எதற்காகப் பொய் சொன்னாய் என்று தெரிந்த இன்னொரு ஆள் அவர்தானே. “வேண்டுதல் வேண்டுதல்தேன். அதுல கை வைக்க வேணாம்” என்றார். சொல்லும்போது அவர் பார்வை என் வலத்தோள் மேல் இருந்தது. எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுசன் என்னைக் காப்பாற்றுகிறார் என்று தெரிகிறது. அதற்காக அந்தப் பிள்ளையைப் பந்தலில் நிறுத்துவதா?

கை விசயத்தை அவர்களிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இதற்குள் ஞாயிற்றுக்கிழமை காசி வந்தான். சரசு எனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். “அத்தைகிட்டச் சொல்லுங்க. உங்க வழக்கம் எதுவோ அப்படியே கட்டிக்கிறேன். யாரு என்ன சொன்னாலும் அழமாட்டேன்.”

அழமாட்டேன் என்று ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லி அனுப்புகிறாள் மதினி. அன்று உள்ளறையில் நானும் அதைத்தானே எனக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்?

மறுநாள் காலையில் பெரியாத்தாவுக்கு நீச்சத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் தம்பியும் அங்கேதான் ஏர்க்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். “அயித்தை, மதினி கனவுல வந்தாக” என்றேன்.

“யாரு, ஒச்சம்மாவா? எந்தச் சேலையில வந்தா?”

“பச்சைச் சேலை. நாம எடுத்த கோடிதேன்.”

“என்னா சொன்னா?”

“நான் நேந்தது நெறவேறிப் போச்சு, ஆத்தா போதும்னுட்டா, இனிமே முந்தி பழையபடி பீச்சாங்கைப் பக்கமே போகட்டும்னு சொன்னாக.”

கயிறு முறுக்கிய கை நின்றது. பெரியாத்தா சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “வரப்போற மருமகளுக்கு மட்டுமா, இருக்கிற மருமகளுகளுக்குமா?”

நான் அதை யோசித்திருக்கவில்லை. சரசுவுக்கு மட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? எல்லா மருமகள்களும் ஒரு பக்கம், அவள் மட்டும் ஒரு பக்கம். ஏன், எதற்கு என்று ஊர் அவளைத்தான் துருவும், அவள் கையைத்தான் எட்டிப் பார்க்கும். நீ எனக்குச் செய்தது போர்த்திவிட்டது மட்டும் இல்லையே. நான் தனியாக நிற்காமல் பார்த்துக்கொண்டாயே.

“எல்லாருக்குந்தேன் அயித்தை” என்றேன்.

பெரியாத்தா சொம்பை எடுத்துக்கொண்டு, “ஒச்சம்மா சொன்னா சரியாத்தேன் இருக்கும்” என்றாள். ஒரு வாய் குடித்தாள். “ஒனக்குத்தேன் கஷ்டமா இருக்கும் தாயி.”

அவளுக்குத் தெரியுமா மதினி? அன்று பந்தலில் கேட்டபோதே தெரியுமா? உனக்காக வாயை மூடிக்கொண்டாளா, எனக்காகவா? நீ இருந்தால் உன்னிடம் கேட்பேன். அவளிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

உன் தம்பி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தார். “அக்கா நெசமாவே வந்துச்சா?” என்றார். வந்துச்சு என்றேன். “வந்திருந்தா எங்கிட்டயும்ல வந்திருக்கும்” என்றார். நான் வேலையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவர், “சரி, கட்டிக்க. எனக்கு ஒண்ணும் புதுசு இல்லயே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று கதவைச் சாத்திக்கொண்டு முந்தியை இடப்பக்கம் போட்டுப் பார்த்தேன். கை பழகவே இல்லை. தோளில் காற்றுப் பட்டது. இத்தனை வருசமாக வெயில் படாமல் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது, குழி அப்படியே இருக்கிறது. பயமாக இருக்கிறது மதினி, உன்னிடம் சொல்வதற்கென்ன. இந்த வயசில் எனக்கு என்ன வெட்கம் என்று கேட்பாய். வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று முறை கட்டி மூன்று முறையும் அவிழ்த்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் உனக்குச் சேலை வைத்துக் கும்பிடுவோம். நீ தாய் வீட்டுச் சாமியாகிவிட்டாய். கொலசாமியிடம் நீ சொன்னதைத்தான் நானும் உன்னிடம் சொல்லப் போகிறேன். அவசரத்துக்கு உன் பேரைச் சொல்லிவிட்டேன், நல்லதுக்குத்தான் சொன்னேன், வைத்துக்கொள். தேங்காய் நல்லபடியாக உடைய வேண்டியது உன் பொறுப்பு.

என் மகள்தான் நாத்தனார் முறைக்குச் சரசுவுக்குச் சேலை கட்டிவிடப் போகிறாள். முந்தியை இடத்தோளில் போட்டு, கை மறையும்படி முழங்கைவரை விரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். கட்டி முடித்ததும் தள்ளிப் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சரியில்லையென்றால் அவிழ்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். மகராணி கணக்கா இருக்க என்று மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அன்று நான் மடிப்பு வைக்க மாட்டேன், போர்த்த மாட்டேன். முந்தியை இடப்பக்கம் போட்டு, வலத்தோளைத் திறந்தபடி, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் தாலி ஏறும்வரை நிற்பேன். பார்க்கிறவர்கள் என் தோளைப் பார்த்துக்கொள்ளட்டும். அவள் பக்கம் ஒருத்தர் கண்ணும் போகாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கட்டிவிட நீ வரமாட்டாய். தள்ளி நின்று பார்க்கவாவது வா.

இப்படிக்கு,
உன் தம்பி பொண்டாட்டி,
நீ ரெண்டு தோளையும் மட்டமாக்கிக் கூட்டிவந்த
சிட்டம்மா